மூன்றாம் ஓலை

1

போன மாதம் என் மகள் கிளாராவோடு இங்குள்ள ஆங்கிலேயக் கோயிலின் குருவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் கட்டிக்கொள்ளப் போகிற டேவிட் அந்தக் கோயில் பிள்ளை. நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் இங்கிலாந்துச் சபை. முப்பது வருடத்துக்கு முன்னால் என்றால் தலைகீழாக நின்று தடுத்திருப்பேன். இப்போது அதற்கெல்லாம் தெம்பில்லை. ஏதோ ஒரு பீடத்துக்கு முன்னால் முறையாகக் கட்டிவைத்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

குரு நல்ல மனிதர். அவருடைய மனைவி காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருவர் பெயரையும் வாசிப்போம் என்றார் குரு. பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, “கிளாரா எந்தப் பங்கு? எந்தக் கோயில் எல்லைக்குள் வீடு?” என்று கேட்டார்.

கிளாரா வாயைத் திறப்பதற்குள் நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், வீட்டு மின்சார பில், எல்லாவற்றையும் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பினேன். “இவள் இந்த ஊர்தான். இங்கேதான் பிறந்தாள். இவளுக்கு வேறு ஊரே கிடையாது” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னேன். குரு காகிதங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தெருப் பெயர் சொன்னால் போதும் அம்மா” என்றார் மெதுவாக.

காரில் ஏறியதும் கிளாரா பிடித்துக்கொண்டாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். “மம்மி, அவர் போலீஸ் இல்லை. ஏன் இப்படிச் செய்தாய்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.”

“ஓலையில் ஊர் பெயர் தப்பாகப் போய்விடக் கூடாது” என்றேன்.

“ஓலை என்றால்?”

அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதே இல்லை. குற்றம் அவள் மேல் இல்லை, வீட்டில் அந்தச் சொல்லை நான் எடுத்ததே இல்லை.

2

நான் பிறந்த இலங்கைத் தேயிலை மலையில், அட்டன், நோர்வூட் பக்கம் இதைப் படிக்கிறவர்களில் கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு ஓலை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமானால் பெண், மாப்பிள்ளை பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சாமியார் பூசையில் மூன்று தரம் வாசிப்பார். இவர்களுக்குள் ஏதாவது விக்கினம், அதாவது கல்யாணத்துக்குத் தடை, இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் தாண்டினால்தான் தாலி.

பெயர்தான் ஓலை. சாமியார் கையில் இருப்பது வெறும் காகிதம். என்றைக்கோ தமிழ்நாட்டு ஊரில் பனையோலையில் எழுதி வாசித்திருப்பார்கள், தோட்டக் கூலிக்கு ஆள் சேர்த்த கங்காணிமாரோடு கடல் தாண்டி வந்த சனம் சட்டிபானையோடு சொல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் மலையில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்குக்கூடக் கீழ்நாட்டிலிருந்து லொறியில் தென்னங்குருத்து வந்தால்தான் உண்டு. பனையோலையை நான் முதன்முதலில் பார்த்தது லண்டனில் ஒரு காட்சிசாலைக் கண்ணாடிப் பெட்டியில். அதுவும் ஏதோ வைத்திய ஓலை.

அந்தக் காலத்தில் பூசை முழுக்க லத்தீன். பிரசங்கமும் ஓலையும்தான் தமிழ். பிரசங்கத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். ஓலை என்றதும் பால்குடிப் பிள்ளைகூட விழித்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு அட்டனிலிருந்து மாதம் ஒரு தடவைதான் சாமியார் வருவார். ஆகவே பட்டணத்தில் மூன்று கிழமையில் முடிகிற ஓலை எங்களுக்கு மூன்று மாதம். மாதம் ஒரு ஓலை. இடையில் என்னென்னவோ நடக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மற்ற இடங்களில் உண்டா என்று தெரியவில்லை. பெண் தன் ஓலையைத் தன் காதால் கேட்கக் கூடாது. கேட்டால் பிறக்கிற பிள்ளை ஊமையாகப் போகும் என்பார்கள். அன்றைக்கு அவளுக்கு மட்டும் பூசை இல்லை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்து சோறாக்க வேண்டும். என் ஓலை மூன்றையும் நான் கேட்டதில்லை. அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3

மாப்பிள்ளை பெயர் சூசை. நாங்கள் கீழ்க்கணக்கு, அவர்கள் மேல்கணக்கு. தோட்டத்தின் இரண்டு பிரிவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டுக்கும் கோயில் ஒன்றே. சூசையின் அப்பா அந்தோணி கங்காணி. பெயரளவில்தான் கங்காணி, பழைய அதிகாரமெல்லாம் போய்விட்டது. கோட்டு மட்டும் மிச்சம்.

சூசையை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் கூடையை இறக்க அவன் கை கொடுக்கும்போது தேவையில்லாமல் இரண்டு விநாடி அதிகமாகப் பிடித்திருப்பான்.

ஓலை எழுத என் அப்பா சவரிமுத்து சாமியாரிடம் போனார். சாமியார் பிரஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். “சவரிமுத்து, உமது ஊர் யாது?” என்று கேட்டிருக்கிறார்.

“திருச்சி சில்லா, கருங்காப்பட்டிங்க சாமி.”

அப்பா கருங்காப்பட்டியைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பிறந்தது எங்கள் லயத்தில் நாலாவது காம்பராவில். அவருடைய அப்பாதான் அங்கிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஊர் என்றால் அந்தக் கரையில் ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். கந்தப்பளையில் பிறந்தவனும் அப்படித்தான், இறம்பொடையில் பிறந்தவனும் அப்படித்தான். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை.

முதல் ஓலை வாசித்த அன்று அம்மா படியேறி வரும்போதே முகமெல்லாம் பல். “திருச்சிராப்பள்ளி ஜில்லா, கருங்காப்பட்டி, சவரிமுத்து மகள் ஆரோக்கியம்னு சாமி கணீர்னு வாசிச்சாருடி. ஒங்கப்பன் கண்ணு கலங்கிப்போச்சு” என்றாள். அப்பா பின்னால் வந்து, தேத்தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு, “நம்ம ஊரு பேரு கோயில்ல கேட்டு எம்புட்டு நாளாச்சு” என்றார். அவருக்குப் பெண்ணின் கல்யாணம் பாதி சந்தோஷம் என்றால் ஊர் பெயர் மீதிப் பாதி.

4

அது பிரஜா உரிமை விசாரணைக் காலம். நாற்பத்தெட்டில் சட்டம் வந்து எங்களை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் என்று ஆக்கியது. பிறகு மனுப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். மனுப் போட்டவர்களை ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு விசாரணை வந்தது. “சொந்த ஊர் எது?” என்று கேட்டார்களாம். நம் ஆட்கள் வழக்கம்போல மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னவர்கள் மனுவெல்லாம் தள்ளுபடி என்ற பேச்சு தேயிலைக்குள் தீயாகப் பரவியது.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் அந்தோணி கங்காணி எங்கள் காம்பராவுக்கு வந்தார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன்.

“சம்பந்தி, ஒரு ஒதவி செய்ங்க. மூணாவது ஓலயில ஊர் பேர எடுத்துட்டு, தோட்டத்துப் பேர மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. எனக்கு அடுத்த மாசம் விசாரண. கோயில்ல முன்வரிசயிலதான் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒக்காருறாரு. அவரத்தான் என்னயப் பத்திக் கேப்பாங்க. சம்பந்தி இந்தியாக்காரன்னு ஒரு வார்த்த போனாப் போதும், என் மனு குப்பையில.”

அப்பா மனுவே போடாதவர். போட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்தவர். கங்காணியிடமே கேட்டார்.

“இந்த லயம் யாரோடது கங்காணி?”

“தொரயோடது.”

“வேல போச்சுன்னா?”

“லயமும் போச்சு.”

“அப்ப தொரயோட லயத்த என் ஊருன்னு எப்புடிச் சொல்றது? ஊர் பேரு இல்லாம ஓல வாசிச்சா ரோட்டுல கெடந்த புள்ளைக்கு வாசிச்ச மாதிரி ஆயிரும். என் மகளுக்கு ஊரு இருக்கு.”

“நீங்க அந்த ஊரப் பாத்துருக்கீங்களா?”

“சாமியத்தான் நான் பாத்ததில்ல. கும்புடலயா?”

கங்காணி எழுந்து போய்விட்டார். அம்மா இரவெல்லாம் அப்பாவோடு மன்றாடினாள். அப்பா அசையவில்லை. அப்போது எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு கிராமத்தின் பெயருக்காகப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். இன்றைக்கு யோசித்தால் அவர் கேட்டதில் தப்பு தெரியவில்லை. மாற்றான் கூரையை ஊர் என்று அவர் எப்படிச் சொல்வார்?

5

மூன்றாம் ஓலையன்று நான் காம்பராவில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கோயில் மணி கேட்டது. பூசை முடிகிற நேரமும் தாண்டியது. மற்ற மாதங்களில் சனம் சளசளவென்று பேசிக்கொண்டு படியேறும். அன்றைக்குச் சத்தமே இல்லை. அம்மா முன்னால் வந்தாள். முக்காட்டை எடுக்காமலே அடுப்புக்கு முன் உட்கார்ந்தாள்.

“என்னம்மா?”

“கங்காணி எந்திரிச்சுட்டாருடி.”

சாமியார் ஊர் பெயரோடுதான் வாசித்திருக்கிறார். விக்கினம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று நிறுத்தியிருக்கிறார். அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் யாரும் எழுந்ததில்லை. இருமிவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பாவே கோட்டோடு எழுந்து நின்று, பெரிய கிளாக்கர் காதில் நன்றாக விழும்படி, “விக்கினம் இருக்குங்க சாமி. அவுங்க இந்தியாக்காரங்க. நாங்க இந்த நாட்டு ஆளுக. இந்தச் சம்பந்தம் வேணாம்” என்றிருக்கிறார்.

சாமியார் திகைத்துப்போய், “பூசைக்குப் பிறகு பேசுவோம்” என்றாராம். பேசவும் பேசியிருக்கிறார். இது வேதத்தில் விக்கினமே அல்ல என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். கங்காணி கைகூப்பிக்கொண்டு, “கோயில் வெக்கிற தட வேற, கவர்மெண்டு வெக்கிற தட வேற சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“அப்பா?” என்றேன்.

“தல குனிஞ்சவருதான். இன்னும் நிமுரல.”

அதற்குப் பிறகு சூசையை நிறுவைக்கு நிற்கையில் ஒருநாள் பார்த்தேன். கூடையில் கை வைக்கவில்லை. “பிரஜா உரிம கெடைக்கட்டும் ஆரோக்கியம். அப்புறம் அப்பாகிட்டப் பேசுறேன்” என்றான். நான் காத்திருந்தேன். அவர்கள் மனுவும் தள்ளுபடி ஆனது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. அதற்குப் பிறகாவது வந்து பேசியிருக்கலாம். வரவில்லை. எந்த முகத்தோடு வருவான் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. பிறகு கந்தப்பளையில் பெண் எடுத்தார்கள்.

தோட்டத்தில் அதற்குப் பின் ஒரு பேச்சு வழக்கே உண்டாகிவிட்டது. கைக்கு வந்த காரியம் கடைசியில் கெட்டால், “ஆரோக்கியம் ஓல மாரி நின்னுபோச்சு” என்பார்கள். மழையில் நின்றுபோன திருவிழாவுக்கும் சொல்வார்கள், அடைகாத்துப் பொரிக்காத முட்டைக்கும் சொல்வார்கள். நான் பக்கத்தில் நிற்பதை மறந்துவிட்டுச் சொல்வார்கள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. ஓலையில் நின்ற பெண்ணை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆகிவிட்டது.

6

தோட்டத்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது துரைசாணி தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போகக் கேட்டாள். போகிறேன் என்றேன். பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டிடம் கேட்பது என்ற கேள்வி வந்தது. இலங்கை எங்களை இல்லை என்றுவிட்டது. கடைசியில் இந்தியாக்காரர்களின் ஆபீசுக்குத்தான் போனோம். சொந்த ஊர் கேட்டார்கள். கருங்காப்பட்டி என்றேன். உடனே கொடுத்தார்கள். என் கல்யாணத்தைக் கெடுத்த பெயர் என்னைக் கப்பலேற்றிவிட்டது. அப்பா துறைமுகத்துக்கு வரவில்லை. அட்டன் ஸ்டேசனில் ரயில் நகரும்போது, “அங்க யாராச்சும் ஊரு கேட்டா...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அறுபத்து நாலில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் எங்கள் சனத்தைப் பங்கு போட்டுக்கொண்ட செய்தியை இங்கே ரேடியோவில் கேட்டபோது அவர் மண்ணுக்குள் போயிருந்தார். தேயிலை மலையிலேயே புதைத்தார்கள்.

இங்கே வந்து சில வருடத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவரைக் கட்டினேன். கப்பலில் வேலை பார்த்து இறங்கிவிட்டவர். தங்கமான மனிதர். எனக்கு எழுத்தும் புத்தகமும் பழக்கியது அவர்தான். கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஓலை வாசிக்கக் கூடாது. மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம், அனுமதி வாங்கி, ஓலை இல்லாமல் கட்டினோம். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. இப்போது அவரும் இல்லை.

இதையெல்லாம் அன்று காரில் கிளாராவிடம் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். “பாவம் மம்மி” என்றாள். கண்ணில் நீரும் வந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்து, கல்யாண உடை தைக்கிற கடை மூடிவிடும் என்று வண்டியை எடுத்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது யாரோ ஒரு பெண்ணின் கதை. பிரஜா உரிமை இல்லாத நாள் ஒன்றுகூட அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. இருக்கவும் வேண்டாம்.

7

முதல் இரண்டு ஓலைக்கும் நான் போகவில்லை. ஒருமுறை முழங்கால் வலி, ஒருமுறை மழை. உண்மையில் பயம். மூன்றாவதற்கு, “நீ வராவிட்டால் டேவிட் வீட்டில் தப்பாக நினைப்பார்கள்” என்று கிளாரா இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய கல் கோயில், பாதிக்கு மேல் காலி இருக்கை. கிளாரா தன் ஓலையைக் கேட்க டேவிட் கையைக் கோத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். குரு இருவர் பெயரையும் வாசித்தார். இருவரும் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்றார். ஊர் விஷயம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. இது மூன்றாவதும் கடைசியுமான தடவை, இவர்கள் சேரக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார்.

அந்த நிறுத்தம் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்துவிட்டேன்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குருவின் முகம் வெளுத்துவிட்டது. டேவிட்டின் அம்மா வாயில் கை வைத்தாள். கிளாரா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஆங்கிலம் ஒரு சொல் வரவில்லை. இத்தனை வருடம் பேசிய மொழி அத்தனையும் எங்கே போனதோ. தமிழில்தான் சொன்னேன், கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன்.

“ஒரு விக்கினமும் இல்லீங்க! இந்தப் புள்ளைகளுக்கு ஒரு விக்கினமும் இல்ல!”

யாருக்கும் புரியவில்லை. குரு கிளாராவைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து எழுந்து நின்றாள். விக்கினம் என்ற சொல்லை அன்று காரில் ஒரு தரம் என் வாயில் கேட்டதோடு சரி. ஆனாலும், “தடை ஒன்றும் இல்லை என்கிறார் என் அம்மா” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்போது அவள் குரலும் உடைந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். குரு நெஞ்சில் கை வைத்து, “நன்றி அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த செபத்துக்குப் போனார்.

கிளாரா என்னை உட்காரவைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். “அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை மம்மி. பேசாமல் இருந்தாலே சம்மதம்தான்” என்று காதோரம் சொன்னாள்.

எனக்குத் தெரியாதா? எங்கள் தோட்டத்துக் கோயிலில் அன்றைக்கு இரண்டு கணக்குச் சனமும் இருந்தது. எல்லோரும் எங்களைப் போலவே அக்கரை ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் இக்கரையில் பிறந்தவர்கள். கங்காணி சொல்லி முடித்து உட்காரும்வரை அத்தனை பேரும் பேசாமல்தான் இருந்தார்கள்.